எலும்பு கூடியது, கை மடங்கவில்லை

திருப்பதியில் நம் சபைக்கு வரும் கொத்தனார் சகோதரர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து முழங்கையை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. கை மட்டும் மடங்கவில்லை. அக்கம்பக்கத்தார் காட்டிய ஒருவர் எண்ணெய் பூசி, பலங்கொண்டமட்டும் இழுத்து நீவினார். மூன்றே வாரத்தில் முழங்கை முன்னிலும் இறுகிப்போயிற்று. சோற்றை வாயருகே கொண்டுபோக இயலாத கையோடு அவர் என் முன் அமர்ந்திருந்ததை நான் மறக்கவில்லை.

அடிபட்ட முழங்கையை வலுவாக இழுத்து நீவினால், சுற்றியுள்ள தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடக்கூடும். ஆகவே யாரிடம் கையை நீட்டுகிறீர்கள் என்பது சிறிய காரியமல்ல.

நம் பகுதியில் எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு நினைவுக்கு வரும். அதைக் குறித்து வாதாட நான் எழுதவில்லை. எங்கே கட்டியிருந்தாலும், கட்டுப் பிரித்தபின் வரும் வாரங்களைக் குறித்தே எழுதுகிறேன்.

பிசியோதெரபி பட்டம் பெற்றவரா என்று கூச்சமின்றிக் கேளுங்கள். நல்லவர் முதல் நாளிலேயே எக்ஸ்ரேயைப் பார்ப்பார். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்து எழுதுவார். உங்கள் தொழிலைக் கேட்பார். கரண்டி பிடித்துப் பூசும் கைக்கும் கணினியில் தட்டும் கைக்கும் ஒரே பயிற்சி போதாதல்லவா? வீட்டில் செய்யவேண்டியதைச் செய்துகாட்டி, உங்களையும் செய்யச்சொல்லிப் பார்ப்பார். தெலுங்கு சரியாகப் புரியாதவர்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள்; வெறுமனே தலையாட்டிவிட்டு வராதேயுங்கள். நாள்தோறும் மின்கருவியை மட்டும் வைத்து அனுப்புகிறவரிடம், பயிற்சி எப்போது என்று கேளுங்கள்.

திருப்பதி ஸ்விம்ஸில் பிசியோதெரபிக் கல்லூரியே உண்டு. எலும்பு, மூட்டு சிகிச்சைக்குப் பெயர்பெற்ற பர்ட் மருத்துவமனையைத் திருமலை தேவஸ்தானம் நடத்துகிறதே என்று நம்மவரில் சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது என்பது என் எண்ணம்.

சித்தூரிலுள்ளவர்களுக்கு வேலூர் சி.எம்.சி. அருகிலேயே இருக்கிறது. அங்கே மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்பு நியூயார்க்கில் பயின்று திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உடல் திரும்பப் பழகுவதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பதைத் தம் சரீரத்திலேயே அறிந்தவர் அவர்.

ஜெபித்தாயிற்றே, இனிப் பயிற்சி எதற்கு என்று கொத்தனார் சகோதரரின் வீட்டில் கேட்டார்கள். இரண்டையும் விடாமல் செய்யச் சொன்னேன். முறையாகப் பயின்ற ஒருவரிடம் ஐந்து மாதம் போய்வந்தார். இப்போது தம் கையால் உண்கிறார். தோளைத் தொடுவதற்கு இன்னும் நாலு விரற்கடை மீதியிருக்கிறது.