மறுபடி நர்ஸ் வேலைக்கா?
பிள்ளைகள் காலேஜுக்குப் போயாச்சு. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் விட்ட நர்ஸ் வேலைக்கு மறுபடி போகலாமா என்று கெங்குவார்பட்டி வீட்டில் உட்கார்ந்து யோசிக்கிறீர்கள். பெரியகுளத்தில் அரசு ஆஸ்பத்திரி, க.விலக்கில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை... போகலாம்தான். "எல்லாம் மறந்திருக்குமே!" என்ற பயமா?

மறந்ததைவிட, மாறியதுதான் ஆபத்து. இதயம் நின்றவருக்கு முதலில் மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, அப்புறம்தான் நெஞ்சு அழுத்தம் என்று படித்தீர்கள். 2010-ல் அந்த வரிசையே மாறிவிட்டது. பெரியவர்களுக்கு இப்போது அழுத்தம்தான் முதலில்: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ.க்குக் குறையாத ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. பழைய பழக்கம் கையில் ஊறியது, லேசில் போகாது. பயிற்சியில் பொம்மையை வைத்துச் செய்து செய்துதான் மாற்ற வேண்டும்.

ஊசி போட்டதும் மூடியைத் திரும்ப மாட்டுவீர்களே, அதுவும் கூடாது. விரலில் குத்தினால் ஹெபடைடிஸ்-பி தொற்றலாம். அப்படியே துளைபடாத வெள்ளை டப்பாவில் போடுங்கள்.

சென்னை நர்சிங் கவுன்சிலில் உங்கள் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 5 வருஷத்துக்கு 150 மணி நேரத் தொடர்கல்வி என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு.

மகள் வயசு நர்ஸ் சொல்லிக்கொடுத்தால் கூச்சப்படாதீர்கள். ஆரம்பத்தில் தனியாக நைட் டியூட்டி வேண்டாம் என்று மேட்ரனிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.