கல்யாண மண்டபத்தில் ஐந்து சொற்கள்

ஆங்கிலம் பழகுவோம் – 17

சென்ற வாரம் கோபத்துக்கான சொற்களைப் பார்த்தோம். இந்த வாரம், எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று தோன்றும் தருணங்கள். இங்கே நம்மில் பலரும் ‘ஷை’, ‘ஷேம்’ என்ற இரண்டே சொற்களோடு நின்றுவிடுகிறோம். ‘வெட்கமா இருக்கு’ என்பதைத் தமிழில் கூச்சத்துக்கும் சொல்லலாம், செய்த தப்பை நினைத்துக் குமைவதற்கும் சொல்லலாம். அதே பழக்கத்தில் ஆங்கிலம் பேசினால், சின்னச் சறுக்கலையும் பெரிய குற்றமாக்கிவிடுகிறோம். சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொண்டால் போதும். யார் பார்த்தார்கள்? தப்பு யாருடையது?

ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போவோம்.

பந்திக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், முன்னால் நிற்பவர் உங்கள் சிநேகிதர் என்று நினைத்து முதுகில் ஓங்கித் தட்டுகிறீர்கள். “டேய், எப்படா வந்தே?” திரும்புகிறவர் நெற்றி நிறைய விபூதி பூசிய, முன்பின் தெரியாத பெரியவர். “மன்னிச்சுக்குங்க ஐயா, ஆள் தெரியாம...” என்று இழுக்கிறீர்கள். காது சுடுகிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். இந்த நிலைக்குப் பெயர் ‘எம்பாரஸ்ட்’. நாலு பேர் பார்த்ததால் வந்தது; நாலு நாளில் நீங்களே சிரித்துக்கொண்டு சொல்வீர்கள். அசடு வழிய ஒரு சிரிப்புச் சிரித்தீர்களே, அது ‘ஷீப்பிஷ்’. இந்த ‘எம்பாரஸ்’ பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தடுப்பது, வழியை அடைப்பது என்பதே அதன் பழைய பொருள். பணமுடையில் இருப்பவரை ‘ஃபைனான்ஷியலி எம்பாரஸ்ட்’ என்று சொல்வதில் அந்தப் பொருள் இன்றும் மிச்சமிருக்கிறது.

பந்தியில் உட்காருகிறீர்கள். பக்கத்து இலையில், சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன சித்தப்பா. எழுந்து போகவும் முடியாது, முகம் கொடுத்துப் பேசவும் முடியாது. பாயசம் வரும்வரை இருவரும் இலையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இது ‘ஆக்வர்ட்’. இங்கே யாரும் புதிதாகத் தப்பு எதுவும் செய்துவிடவில்லை. சூழ்நிலைதான் அப்படி அமைந்துவிட்டது. அதனால்தான் ‘இட் வாஸ் ஆக்வர்ட்’ என்று பழியைச் சூழ்நிலையின் மேல் போடுகிறார்கள். யார் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் நீளும் மௌனமும் ‘ஆக்வர்ட் சைலன்ஸ்’தான். நம் தர்மசங்கடத்துக்கு மிக அருகில் வரும் சொல் இது.

கை கழுவும் இடத்தில் பழைய பக்கத்து வீட்டு அக்கா. “அண்ணன் வரலையாக்கா?” என்று கேட்கிறீர்கள். “அவர் தவறி ஆறு மாசமாச்சும்மா” என்கிறார். அந்த நொடிக்கு ‘எம்பாரஸ்ட்’ போதாது, ‘மார்ட்டிஃபைட்’ வேண்டும். லத்தீனில் மரணத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல். நாமும் ‘செத்துடலாம்போல இருந்தது’ என்றுதானே சொல்கிறோம்? தெரியாமல் கேட்டு இப்படி மாட்டிக்கொள்வதை, காலைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டேன் என்ற பொருளில் ‘ஐ புட் மை ஃபுட் இன் மை மௌத்’ என்பார்கள்.

நான்காவது, மொய் எழுதும் மேஜை. உறவினர் ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறார்: “வாங்கின கடனைத் திருப்பித் தர வக்கில்ல, மொய் எழுத வந்துட்டார்.” இப்போது நீங்கள் ‘ஹ்யூமிலியேட்டட்’. மண்ணைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது; ஒருவரைத் தரைமட்டத்துக்கு இறக்குவது. இங்கே தப்பு பேசியவருடையது. இந்த இடத்தில் சொல் தவறிப் போகக் கூடாது. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் இழிவாகப் பேசினார் என்று புகார் எழுதும்போது ‘எம்பாரஸ்ட்’ என்று எழுதினால், அவர் செய்த அநியாயம் உங்கள் கூச்சமாகச் சுருங்கிவிடும். ‘ஹ்யூமிலியேட்டட்’ என்றே எழுதுங்கள்.

ஐந்தாவதை யாரும் பார்க்கவில்லை. மண்டபத்துக்கு வரும் வழியில் எதிர்வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. சோம்பல்பட்டு, “கடை மூடியிருந்தது பாட்டி” என்று சொல்லிவிட்டீர்கள். பாட்டி நம்பிவிட்டார். இரவு படுத்த பிறகு அது உறுத்துகிறதே, அதற்குத்தான் ‘அஷேம்ட்’.

இந்தக் கடைசிச் சொல்லை முதல் சொல்லோடு குழப்பிக்கொள்ளாதிருக்க டார்வின் உதவுவார். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிக்காட்டும் விதம் பற்றி 1872-இல் அவர் எழுதிய நூலில் 13-ஆம் அத்தியாயம் முகம் சிவப்பதைப் பற்றியது. உலகின் பல மூலைகளில் இருந்தவர்களுக்குக் கேள்விகள் அனுப்பித் தகவல் திரட்டினார். குற்ற உணர்வு முகத்தைச் சிவக்க வைப்பதில்லை, நம் குற்றம் பிறருக்குத் தெரிந்துவிட்டது என்ற நினைப்பே சிவக்க வைக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். பாட்டியிடம் சொன்ன பொய்க்கு உங்கள் முகம் சிவக்காது. மருந்துக் கடைக்காரர் பாட்டி முன்னால் “கடை நாள் பூராத் திறந்துதானே இருந்தது” என்று சொன்னால் சிவக்கும்.

இனி இலக்கணம். உங்களுக்குச் சங்கடம் என்றால் ‘ஐ ஆம் எம்பாரஸ்ட்’. ‘ஐ ஆம் எம்பாரஸிங்’ என்றால் நீங்கள் மற்றவர்களுக்குச் சங்கடம் தருகிறவர் என்று பொருளாகிவிடும். நடந்த சம்பவத்தைச் சொல்லத்தான் ‘இட் வாஸ் எம்பாரஸிங்’. எழுதும்போது இரண்டு ஆர், இரண்டு எஸ். ‘ஷை’ என்பது பெரும்பாலும் சுபாவம். மேடையில் ஒரு வரி மறந்துபோனதற்கு அந்தச் சொல் பொருந்தாது.

இந்த வேறுபாடுகளை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. நேர்முகத் தேர்வில் ஒரு வினைச்சொல் பிசகிய ஒரே காரணத்தால், அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் வாயே திறக்காதவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கு நேர்ந்தது ‘எம்பாரஸ்மென்ட்’. அவர்கள் சுமப்பதோ ‘ஷேம்’. சங்கடப்படுவது ஒழுங்கு குலைந்ததன் அடையாளம் அல்ல, ஒழுங்கான சமூக நடத்தையிலேயே அதற்கும் இடம் உண்டு என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1956-இலேயே எழுதினார். உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட டிஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

ஆகவே அடுத்த முறை ஆங்கிலத்தில் நாக்குப் பிசகினால், ‘சாரி, லெட் மீ சே தட் அகெய்ன்’ என்று சொல்லிவிட்டு வாக்கியத்தை முடியுங்கள். முடிப்பதுதான் முக்கியம்.

(அடுத்த வாரம்: பாராட்டும் சொற்கள்)