சாம்பிராணியில் பிறந்த பென்சாயிக் அமிலம்: பண்பும் பயனும்

பிசினும் பெயரும்

'அரோமேட்டிக்' என்னும் வேதியியல் கலைச்சொல்லை 'நறுமண' எனத் தமிழாக்கும் வழக்கம் உண்டு. பென்சாயிக் அமிலத்தைப் பொறுத்தவரை இத்தமிழாக்கம் மயக்கம் தருவதாகும். தூய நிலையில் அவ்வமிலம் ஏறத்தாழ மணமற்ற வெண்படிகமாகும். அதன் ஆவி தொண்டையை உறுத்தி இருமலைத் தூண்டும். சாம்பிராணியின் நறுமணம் பெரிதும் அதனுடன் கலந்துள்ள வனிலின், எஸ்டர்கள் முதலியவற்றால் அமைவது. 'அரோமேட்டிக்' என்பது இன்று வளையத்தின் எலக்ட்ரான் அமைப்பைக் குறிக்குமேயன்றி மணத்தைக் குறிப்பதன்று.

சாம்பிராணி, ஸ்டைராக்ஸ் இன மரங்களின் பட்டையைக் கீறிய பின்னரே ஊறும் பிசின். சுமத்திரா வகையில் சின்னமிக் அமிலமும் அதன் எஸ்டர்களும் மிகுதி. சயாம் வகையில் கோனிஃபெரைல் பென்சோவேட் மிகுதி. ஆதலின் தூய பென்சாயிக் அமிலம் பெறச் சயாம் பிசினே ஏற்றது. சந்தையில் ஒரே பெயரால் வழங்கினும், பறங்கிச் சாம்பிராணியும் குங்கிலியமும் வேறு மரங்களின் பிசின்கள். அவற்றை இவ்வமிலத்தின் மூலமாகக் கொள்ளுதல் பிழை.

அரபு வணிகர் இப்பிசினை 'லுபான் ஜாவி', அதாவது சாவக நாட்டுப் பிசின் என்றனர். ஐரோப்பியர் வாயில் முதலசை உதிர்ந்து, அது 'பென்சாயின்' ஆயிற்று. 1775இல் ஷீலே, பிசினைச் சுண்ணாம்பு நீரில் கொதிக்கவைத்து, பின் அமிலம் சேர்த்து இவ்வமிலத்தைப் பிரித்தார். 1830களில் மிட்செர்லிக் அதனைச் சுண்ணாம்புடன் சூடேற்றிப் பெற்ற நீர்மமே, ஃபாரடே 1825இல் கண்டறிந்திருந்த பென்சீன். ஆக, பென்சீனின் பெயர் சாம்பிராணி வழி வந்ததாகும்.

பதனப் பண்பு

இதன் உருகுநிலை ஏறத்தாழ 122 பாகை செல்சியஸ். சூடேற்றினால் பதங்கமாகும். 25 பாகையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 3.4 கிராமே கரையும். ஆகவே உணவுத் தொழிலில் எளிதில் கரையும் சோடியம் பென்சோவேட் கையாளப்படுகிறது. சிப்பங்களில் அமிலம் 210 என்றும், சோடிய உப்பு 211 என்றும் எண்ணிடப்பெறும். இன்று இவை பிசினிலிருந்து அல்ல, டொலுயீனை ஆக்சிஜனேற்றிப் பெறப்படுகின்றன.

ஈஸ்ட், பூஞ்சை ஆகியவற்றைத் தடுப்பது பிரிகையுறாத அமில மூலக்கூறே. அது செல்சவ்வைக் கடந்து, நடுநிலைக்கு நெருங்கிய செல்சாற்றில் அயனியாகி, அங்கு அமிலத்தன்மையை மிகுவிக்கிறது. வெளியேயே அயனியாகிவிட்ட பென்சோவேட் எளிதில் உட்புகாது. இங்குதான் பி.எச். மதிப்பு முடிவு செய்கிறது. பி.எச். 3இல் ஏறத்தாழ 94 விழுக்காடு பிரிகையுறாது நிற்கும், 4.2இல் சரிபாதி, பாலின் 6.6 அளவில் 0.4 விழுக்காடே எஞ்சும். எலுமிச்சைச் சாற்றுக்கும் ஊறுகாய்க்கும் துணைபுரியும் அதே அளவு, பால் சார்ந்த பண்டத்தில் ஏறத்தாழ வீண். அவ்வீணை ஈடுசெய்ய அளவைக் கூட்டுவது அறிவியலும் ஆகாது, விதிகளுக்கும் ஒவ்வாது.

பிற பயன்களும் ஓர் எச்சரிக்கையும்

விட்ஃபீல்ட் களிம்பில் 6 விழுக்காடு பென்சாயிக் அமிலமும் 3 விழுக்காடு சாலிசிலிக் அமிலமும் சேர்ந்து படர்தாமரைக்கு மருந்தாகின்றன. உட்கொண்ட பென்சோவேட்டைக் கல்லீரல் கிளைசினுடன் பிணைத்து ஹிப்பியூரிக் அமிலமாக்க, அது சிறுநீரில் வெளியேறும். கிளைசினிலுள்ள நைட்ரஜனும் உடன் வெளியேறுவதால், யூரியா சுழற்சிக் குறைபாட்டில் அம்மோனியாச் சுமையைக் குறைக்க இவ்வழி மருத்துவத்தில் பயன்படுகிறது. பூனைகளோ இதனைத் தாங்கும் ஆற்றல் மிகக் குறைந்தவை.

பென்சோவேட்டும் வைட்டமின் சியும் ஒருங்கே உள்ள பானங்களில், இரும்பு அல்லது செம்பு அயனிகளின் முன்னிலையில், நுண்ணளவு பென்சீன் உருவாகலாம். வெப்பமும் ஒளியும் அதனை மிகுவிக்கும். பென்சீன் புற்றுநோய்க் காரணியாதலால், சிட்ரிக் அமிலத்தைக் கொண்டே புளிப்பேற்றி வைட்டமின் சியைத் தவிர்ப்பதும், புட்டிகளை வெயில் படாது வைப்பதும் தயாரிப்பாளரும் வணிகரும் எளிதில் மேற்கொள்ளக்கூடிய வழிகள்.