கடைசிப் படகு போன பிறகு

நெடுந்தீவைச் சுற்றிப் பார்க்க மூன்று மணி நேரம் போதும் என்று அங்கே படகு புறப்படும் குறிகட்டுவான் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஓட்டோவில் போனால் போதும்தான். பெருக்கமரம், கோட்டை, புறாக்கூடு, வளரும் கல், குதிரைகள் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டுப் பின்னேரப் படகைப் பிடித்துவிடலாம். ஆனால் அந்த மூன்று மணி நேரம் எது? காலைப் படகு கரையடைந்த பிறகும் பின்னேரப் படகு புறப்படும் முன்பும் உள்ள நேரம். நல்ல உச்சி வெயில். மனுசர் நடக்கிற நேரமில்லை.

அந்தத் தீவில் நடக்கத் தோதான பொழுது இரண்டு. விடிந்ததிலிருந்து காலை ஒன்பது மணி வரை ஒன்று, பின்னேரம் நாலரையிலிருந்து பொழுது படும்வரை மற்றது. இரண்டுமே அங்கே படுத்தெழும்புகிறவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். ஆகவே நெடுந்தீவில் நடக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, அங்கே ஓர் இரவாவது தங்குங்கள் என்பதுதான்.

நான் யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். எனக்குப் பழைய கல்லைக் கண்டால் நிற்க வேண்டும். அவருக்குக் கடலைக் கண்டால் இருக்க வேண்டும். போதாததற்கு அவருடைய வலது முழங்காலில் வாதம். இப்படி இரண்டு பேர் சேர்ந்து நடக்கத் தட்டையான தீவு வேண்டும். நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர். மலை, மேடு எதுவும் இல்லை. குறுக்கே நடந்தால் ஒரு காலைப்பொழுதுக்குள் மறுகரைக்குப் போய்விடலாம்.

எந்த மாதம்

தையும் மாசியும்தான். ஐப்பசி, கார்த்திகை மழை நின்று, குட்டைகளில் தண்ணீரும் வெளிகளில் புல்லும் இருக்கும் காலம் அது. குதிரைகளும் கொழுத்து நிற்கும். பங்குனி பிறந்தால் வெயில் ஏறிவிடும். வைகாசியில் சோளகம் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். படகில் தலை சுற்றுகிறவர்களுக்கு அது உதவாது.

மாசி, பங்குனியில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கும் இதே குறிகட்டுவானிலிருந்துதான் படகுகள் போகும். அந்த நாட்களில் துறையில் கால் வைக்க இடமிராது. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலமும் அப்படித்தான். தீவில் நடக்க மட்டும் போகிறவர்கள் இரண்டையும் தவிர்த்து, வார நாளில் போவது நல்லது. சனி, ஞாயிறில் பாடசாலைச் சுற்றுலாக்களும் வந்து சேரும்.

பஸ்ஸும் படகும்

யாழ்ப்பாணத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ், பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானில் இறக்கிவிடும். கடலை ஊடறுத்துப் போகும் அந்தத் தெருவுக்காகவே சன்னல் ஓரத்தில் இருக்கலாம். துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். படகு நேரம் காற்றுக்கும் கூட்டத்துக்கும் ஏற்ப மாறும். எனவே யாரோ எழுதி வைத்த நேரத்தை நம்பாமல், தங்கப்போகும் வீட்டாரிடம் முதல் நாள் தொலைபேசியில் கேளுங்கள். தீவில் இருப்பவர்களுக்குப் படகு தெரியாமல் இராது.

இறங்கும் துறையின் பெயர் மாவிலித்துறை. அருகே 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. வேறெங்கும் போகுமுன் அங்கே நின்றுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். உல்லாசப் பயணமாக வந்தாலும், வந்த கடல் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தங்குமிடம்

பெரிய விடுதிகளை எதிர்பார்க்காதீர்கள். சிறு விருந்தினர் விடுதிகளும் அறை தரும் வீடுகளும்தான். வெளிக்கிடுமுன் இரவுச் சாப்பாட்டைச் சொல்லிவிடுவது முக்கியம். மீனை ஆள் கணக்குப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஒடியல் கூழ் வேண்டுமென்றால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டு பேருக்குக் கூழ் காய்ச்ச யாருக்கும் மனம் வராது. வீட்டாருக்கும் சேர்த்துக் காய்ச்சச் சொல்லிச் செலவைப் பகிர்ந்தால் நடக்கும். காசு தாளாகக் கையில் இருக்கட்டும்.

முதல் பின்னேரம்

வந்த நாளில் நீண்ட நடை வைக்காதீர்கள். மத்தியானம் படுத்து எழும்பி, தேத்தண்ணி குடித்துவிட்டு, வைத்தியசாலைப் பக்கம் போனால் போதும். அதன் பின்னால் கடலைப் பார்த்தபடி கோட்டையின் இடிபாடு. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பயன்படுத்திய கோட்டை என்பார்கள். போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியது 1619இல். ஒல்லாந்தர் அவர்களை விரட்டியது 1658இல். 'டெல்ஃப்ட்' என்று தங்கள் ஊர்ப்பெயரை இந்தத் தீவுக்கு வைத்தவர்களும் ஒல்லாந்தர்தான்.

கோட்டைச் சுவரை உற்றுப் பாருங்கள். கருங்கல்லும் செங்கல்லும் இல்லை, எல்லாம் முருகைக்கல். ஒவ்வொரு கல்லிலும் பவளப்பூச்சி கட்டிய கோடும் துளையும் அப்படியே தெரியும். கற்களை ஒட்டிய சுண்ணாம்பும் முருகைக்கல்லைச் சுட்டு எடுத்ததுதான். கோட்டையைப் பார்த்த கண்ணோடு தெருவுக்குத் திரும்பினால், வளவுகளின் மதில்களும் அதே கல். ஆனால் அங்கே சாந்து இல்லை. கல்லின் மேல் கல்லை அடுக்கியதோடு சரி. இந்தத் தீவே பவளப் பாறையின் மேல் மெல்லிய மண் படிந்த நிலம். தோட்டம் கொத்தக் கொத்தக் கல் வரும். பொறுக்கிய கல்லை ஓரத்தில் அடுக்கினால் நிலமும் துப்புரவாகும், மாடு உள்ளே வராத வேலியும் ஆகும். இடுக்குகள் வழியே காற்று போய்விடுவதால் புயல் காற்றிலும் மதில் முழுதாகச் சாய்வதில்லை. ஓட்டோவில் போகிறவர்களுக்கு இது வெறும் வெள்ளைச் சுவர். நடக்கிறவர்கள் ஒவ்வொரு வீட்டாரின் கைவாக்கையும் பார்க்கலாம்: ஒருவர் பெரிய கல்லைக் கீழே வைத்திருப்பார், இன்னொருவர் தட்டைக் கல்லை நிமிர்த்தி நிறுத்தியிருப்பார்.

மறுநாள் காலை

தையில் பொழுது விடிய ஆறரை ஆகும். ஆறு மணிக்கே வெளிக்கிட்டுத் தெற்கு வெளிப் பக்கம் நடவுங்கள். குதிரைகள் அங்கேதான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழிவந்தவை என்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரைப் பண்ணை நடத்தினார். பண்ணை மறைந்தது, குதிரைகள் நின்றுவிட்டன. உருவத்தில் மட்டக்குதிரைகள், குணத்தில் யாருக்கும் சொந்தமில்லாதவை. இப்போது தீவின் ஒரு பகுதி தேசிய பூங்கா. பாண் காட்டிக் கூப்பிடாதீர்கள், பின்பக்கமாகக் கிட்டப் போகாதீர்கள். கோடையில் குட்டை வற்றினால் இவை தண்ணீருக்கு அலைந்து சாவதும் உண்டு. தொட்டிகளில் நிரப்பி வைத்த தண்ணீர் அவற்றுக்கானது.

மனிதருக்கும் இங்கே தண்ணீர்தான் பிரச்சினை. மழைநீர் பாறை வழியே இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதிகம் இறைத்தால் உவர் ஏறிவிடும். ஆகையால் கிணற்றைக் கண்டால் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு காலை நடைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று லீற்றர் நாங்கள் கொண்டுபோவோம்; கூடவே தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஒரு ஜீவனி உப்புப் பக்கெற். பெரிய போத்தல் என் பையில், குடையும் பிஸ்கட்டும் அவர் பையில். குடை கட்டாயம். தீவில் பனை நிறைய உண்டு, ஆனால் பனை நிழலில் ஒரு ஆள்தான் நிற்கலாம், அதுவும் பக்கவாட்டாக. காலுக்கு மூடிய சப்பாத்து. முருகைக்கல் விளிம்பு ரப்பர் செருப்பைக் கிழித்துவிடும்.

இருவர் என்பதால்

தனியாக நடக்கிறவருக்கு வேண்டியது வரைபடம். இருவர் நடக்க ஒப்பந்தம் வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் மூன்று வரி. நடையின் வேகம் முழங்காலின் வேகம். திரும்புவதை இடம் பார்த்துத் தீர்மானிப்பதில்லை, நேரம் பார்த்துத்தான்; எட்டு மணி ஆனால் எங்கே நின்றாலும் திரும்புவோம். ஒருவர் கேட்ட இடத்தில் மற்றவர் கால் மணி நேரம் கேள்வியில்லாமல் இருப்பார்.

இரண்டாவது வரிதான் கடினம். ஒருமுறை மேற்கே வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் இடிபாட்டுக்குப் போகும் வழியில் எட்டு மணி ஆகிவிட்டது.

"இஞ்சாரும், திரும்புவம்" என்றார் அவர்.

"இன்னும் கொஞ்சத் தூரம்தான், வாங்கோ."

"வாறது கொஞ்சத் தூரம். திரும்பிப் போறது ஆர்?"

அவர் சொன்னது சரி. போகும் வழியைவிடத் திரும்பும் வழி சூடானது. கொண்டுபோன தண்ணீரும் பாதி குறைந்திருக்கும். திரும்பினோம். அடுத்த நாள் காலை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரைப் பேசி, போகும்போது அதில் போய், வரும்போது நடந்து வந்தோம். நடைப் பயணம் என்றால் முழுத் தூரமும் நடந்துதான் தீர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இதை வாசித்துவிட்டுப் போகிறவர்கள் திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். எந்தப் படகில் திரும்புவது என்று முதலில் முடிவெடுங்கள். அதற்கு முந்திய இரவுக்கு அறையும் மீனும் சொல்லுங்கள். பிறகு காலை நடை ஒன்று, பின்னேர நடை ஒன்று. இரண்டுக்கும் நடுவே நித்திரை. பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். ஒரே நாளில் போய்வரத்தான் முடியும் என்றால் தயங்காமல் ஓட்டோ பேசுங்கள். உச்சி வெயிலில் நடந்து நெடுந்தீவைக் குறை சொல்ல வேண்டாம்.