நெற்பயிரின் குருத்துப் பூச்சி

ஆவடி, பூவிருந்தவல்லி பக்கங்களில் வீடுகளும் தொழிற்சாலைகளும் கொண்டது போக எஞ்சிய ஏரிப்பாசன நிலங்களில் நெல்லே முக்கியப் பயிர். கதிர் வெளிவருங்கால் சில கதிர்கள் மட்டும் வெளுத்து நிமிர்ந்து நிற்பதையும், இழுத்தவுடன் கையோடு வந்துவிடுவதையும் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். மணி பிடியாத இவ்வெண்கதிர்கள் குருத்துப் பூச்சியினால் விளைபவை.

இதன் தாய்ப்பூச்சி ஒரு சிறிய மஞ்சள் அந்துப்பூச்சி. முன்னிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி உண்டு. ஆண்பூச்சி இதனினும் சிறியது, நிறம் மங்கியது. பகலில் பயிரிடையே மறைந்திருந்து இரவில் பறக்கும். விளக்கொளியை நாடி வரும். தாய்ப்பூச்சி இலை நுனியருகே முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடலின் பழுப்பு மயிரால் மூடிவிடும். சுமார் ஒரு வாரத்தில் வெளிப்படும் புழுக்கள் நூலிழைவிட்டுத் தொங்கி, காற்றினால் அயற்பயிர்களுக்குச் செல்லும். பின்னர் தண்டைத் துளைத்து உட்புகும். பெரும்பாலும் தண்டுக்கு ஒரு புழுவே இருக்கும். ஏறக்குறைய ஐந்து வாரம் உள்ளே தின்று வளர்ந்து, அடித்தண்டிலேயே கூட்டுப்புழுவாகும்.

இளம்பயிரில் புழு புகுந்தால் நடுக்குருத்து காயும். அப்பயிர் வேறு சிம்புகள் விட்டு நஷ்டத்தை ஓரளவு ஈடுசெய்யும். வெண்கதிருக்கோ ஈடில்லை, அதைக் கண்டபின் மருந்து தெளிப்பது வீண் செலவேயாகும். புழு தண்டினுள் புகுமுன் தடுப்பதே முறை.

நடவுக்கு முன் நாற்றின் நுனிகளைக் கிள்ளி அழித்தால் முட்டைக் குவியல்களும் அழியும். விளக்குப்பொறி வைத்து அந்துகளின் வரவை அறியலாம். சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல்களோ, நூற்றுக்கு 10 காய்ந்த குருத்துகளோ காணப்பட்டால் தாமதமின்றி நடவடிக்கை வேண்டும். முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம் என்னும் சிறு குளவியை, நட்ட 30, 37-ஆம் நாட்களில், ஹெக்டேருக்கு 5 சி.சி. வீதம் விடுவது நன்று.

ரகமும் உதவும். 1942-இல் தொடங்கிய திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் அளித்த டி.கே.எம். 6, இப்பூச்சியை ஓரளவு தாங்கும் ரகம். பிற்காலத்து ஐ.ஆர். 20-க்கு அதுவே ஒரு பெற்றோராயிற்று.

அறுவடைக்குப் பின் புழுக்கள் தாளில் தங்கியிருக்கும். உடனே உழுது மடக்க வேண்டும். ஒருவர் உழுது அயலார் தாளை விட்டுவைத்தால் பயன் குறையும். ஆதலால் ஒரே மதகின் கீழுள்ளோர் ஒரே காலத்தில் நடவும், ஒருசேரத் தாள் உழவும் கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்வது அனைவருக்கும் நலம் பயக்கும்.