ஏறும் முன் மலையிடம் மன்னிப்பு! தெரியுமா?

எவரெஸ்ட் ஏறப் புறப்படும் ஷெர்பாக்கள் முதலில் என்ன செய்வார்கள் தெரியுமா? மலையிடம் மன்னிப்புக் கேட்பார்கள்! அடிவார முகாமில் கல்மேடை எழுப்பி, ஜூனிப்பர் தழையைப் புகைத்து, லாமா மந்திரம் ஓத, பனிக்கோடரிகளையும் மேடையருகே வைத்துப் பூஜை நடக்கும். அந்தச் சிகரம் மியோலாங்சங்மா என்ற தேவி குடியிருக்கும் இடம். கேட்காமல் கால் வைக்கலாமா?

இதே பயபக்தி நம் திருப்பதியிலும் உண்டு! எவரெஸ்ட் 8,848 மீட்டர். திருமலை சுமார் 850 மீட்டர்தான். ஆனால் ஏழுமலையும் ஆதிசேஷனின் திருமேனி என்பதல்லவா நம்பிக்கை! அதை மிதிக்க மனம் வராத ராமானுஜர் முழங்காலாலேயே ஊர்ந்து ஏறினார் என்கிறது வைணவ மரபு. செங்குத்தான அந்தப் பகுதியைத் தெலுங்கில் மோகாள்ள பர்வதம், முழங்கால் மலை என்கிறார்கள். அங்கே அவருக்குச் சந்நிதியும் இருக்கிறது. இன்றும் அந்த இடம் வந்ததும் முழங்காலிட்டு ஏறுகிறவர்களைப் பார்க்கலாம். கல்லில் முட்டி தேயும், மூச்சு வாங்கும். வாயிலோ ‘கோவிந்தா’ மட்டும்! எனக்கு இதைவிடப் பெரிய மலையேற்றம் எதுவும் தெரியவில்லை.

அலிபிரியிலிருந்து 3,550 படிகள். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டே ஏறுகிறவர்களும் உண்டு! அதற்கும் முன்னால், அடிவாரத்துப் பாதால மண்டபத்தில் பெருமாளின் பாதரட்சையைத் தலையில் சுமந்து வலம் வருவார்கள். 1944-ல் மோட்டார் சாலை வந்துவிட்டது. ஆனாலும் நடைபாதையில் கூட்டம் குறையவே இல்லை.

  

ஷெர்பாக்கள் தங்கள் காவல் தெய்வமான கும்பிலா சிகரத்தில் ஏறுவதே இல்லை, தெரியுமா? திருமலையில் ஏறலாம், ஆனால் பூச்சூடக் கூடாது! மலையில் பூக்கும் பூவெல்லாம் பெருமாளுக்கே. சாற்றிக் களைந்த மாலைகள்கூட யார் கழுத்துக்கும் போகாமல் கோயிலுக்குள் இருக்கும் பூங்கிணற்றில் சேர்வதுதான் பழைய வழக்கம். 2021 முதல், தேவஸ்தானக் கோயில்களில் சாற்றிய பூக்களிலிருந்து ஊதுபத்தி தயாராகிறது. மலைக்கு ஒன்றாக ஏழு வகை!