கணையப் புற்றுநோய்: பரம்பரை மரபணுவும் மருந்துப் பரிசோதனையும்

கணையப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. மஞ்சள் காமாலை, எடைக் குறைவு, முதுகுவலி என்று மருத்துவரிடம் வரும்போது பலருக்கு அறுவைச் சிகிச்சைக்கான கட்டம் கடந்திருக்கும். இந்நோயாளிகளில் 100 பேருக்கு 5 முதல் 10 பேர் வரை, பெற்றோர் வழி வந்த மரபணுப் பிறழ்வைக் கொண்டிருக்கிறார்கள். பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2, பி.ஏ.எல்.பி. 2, ஏ.டி.எம். ஆகியவை இவற்றில் முக்கியமான மரபணுக்கள்.

மருந்து செயல்படும் விதம்

பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் டி.என்.ஏ.வில் ஏற்படும் முறிவுகளைச் சரிசெய்ய உதவுகின்றன. அவை பழுதான புற்றணு, பார்ப் என்னும் நொதியின் பழுதுநீக்கும் வேலையையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஒலாபாரிப் என்னும் மாத்திரை அந்த நொதியைத் தடுப்பதால், டி.என்.ஏ. சேதம் குவிந்து புற்றணு மடிகிறது.

போலோ ஆய்வு

இம்மருந்தைச் சோதித்த போலோ ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. 3,315 பேரைப் பரிசோதித்து, பி.ஆர்.சி.ஏ. பிறழ்வும் உடலில் பரவிய நோயும் உள்ள 154 பேரைச் சேர்த்தார்கள். பிளாட்டினம் வகைக் கீமோதெரபியால் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் இவர்கள். 92 பேருக்கு ஒலாபாரிப், 62 பேருக்கு மருந்தற்ற போலி மாத்திரை. நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் முதல் பிரிவில் 7.4 மாதம், மற்றதில் 3.8 மாதம். ஆனால் மொத்த ஆயுட்காலம் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. அமெரிக்கா அதே ஆண்டு டிசம்பரில் இம்மருந்தை இந்நோய்க்கு அனுமதித்தது.

அபாயங்கள்

சோர்வு, குமட்டல், இரத்தசோகை ஆகியவை ஒலாபாரிப்பால் அடிக்கடி வரும் பக்கவிளைவுகள். அரிதாக எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு இரத்தப் புற்றுநோய் வரலாம். இதுபோன்ற மருந்து ஆய்வில் சேருபவருக்குப் புதிய மருந்துதான் கிடைக்கும் என்ற உறுதி இல்லை; கிடைத்தாலும் பலன் நிச்சயமல்ல.

உரிமைகளும் நிவாரணமும்

இந்தியாவில் மருந்துப் பரிசோதனைகள் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளுக்கு உட்பட்டவை. நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். ஆய்வின் நோக்கம், ஆபத்து, மாற்றுச் சிகிச்சை ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற வேண்டும். அவர் எந்த நேரத்திலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஆய்வின்போது பாதிப்பு நேர்ந்தால், தேவைப்படும் வரை அல்லது அது ஆய்வால் நேர்ந்ததல்ல என்று உறுதியாகும் வரை இலவச மருத்துவம் தர வேண்டும். ஆய்வால் நேர்ந்த பாதிப்புக்கும் மரணத்துக்கும் இழப்பீடு உண்டு. புகாரை முதலில் நெறிமுறைக் குழுவிடம் தெரிவிக்கலாம். அதன் தொடர்பு விவரம் ஒப்புதல் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

குடும்பத்தார் அறிய வேண்டியது

பிறழ்வு உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. உடன்பிறந்தவர்களும் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. பிறழ்வு இருப்பதாலேயே புற்றுநோய் வந்தே தீரும் என்பதில்லை. கண்காணிப்பைத் திட்டமிட அந்தத் தகவல் உதவும்.

குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லாதவரிடமும் பிறழ்வு இருக்கலாம். எனவே கணையப் புற்றுநோய் உறுதியானவுடனேயே மரபணுச் சோதனை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். ஆய்வில் சேரும் முன் ஒப்புதல் படிவத்தை முழுதும் படித்து, அதன் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.